விரலில் கம்பி, கையில் ‘லைட் டூட்டி’ சீட்டு: சிங்கப்பூரில் அடிபட்ட தொழிலாளிக்கு டாக்டர் என்ன எழுதித் தர வேண்டும்?

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர் டெல்டா பக்கம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சைட்டில் கம்பிக்கட்டு சரிந்து வலது கை மாட்டிக்கொண்டதில், நடுவிரலிலும் மோதிர விரலிலும் எலும்பு முறிந்தது. கம்பெனி வழக்கமாக அனுப்பும் கிளினிக்குக்கு சூப்பர்வைசர் அழைத்துப் போனார். அங்கிருந்து தனியார் மருத்துவமனைக்கு அனுப்பி, அன்று இரவே ஆபரேஷன் செய்து, விரலுக்குள் மெல்லிய கம்பிகள் வைத்து, மறுநாள் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். கொடுத்தது 2 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு), அதன் பிறகு 14 நாள் லைட் டூட்டி, அதாவது இலகுவான வேலை. சீட்டில் இருப்பது அந்த இரண்டு சொல் மட்டும்தான்.

முதல் மூன்று நாள் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் தேங்கிய தண்ணீரைத் தள்ளச் சொன்னார்கள், கட்டுக்கம்பிச் சுருளைத் தூக்கச் சொன்னார்கள். கட்டு நனைந்தது, வலி கூடியது. கிளினிக் டாக்டரிடம் போனால், “ஆபரேஷன் செய்த டாக்டர் லைட் டூட்டி கொடுத்திருக்கிறார், நான் மாற்ற முடியாது” என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மொழிபெயர்க்க சூப்பர்வைசர்தான் அறைக்குள் நின்றார். “அவர் டாக்டர்கிட்ட என்ன சொன்னார்னே எனக்குத் தெரியல சார்” என்கிறது கடிதம். மேலும் கேட்கிறார்: கிளினிக் டாக்டர் எம்.சி. கொடுக்கக் கூடாதா? லைட் டூட்டிக்குப் போய்விட்டால் இழப்பீட்டுக் கேஸ் போய்விடும் என்று டார்மில் (தொழிலாளர் விடுதியில்) சொல்கிறார்களே? லைட் டூட்டி நாளுக்குக் கம்பெனி வெறும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மட்டும் தருவது சரியா? மனிதவள அமைச்சுக்குப் போனால் வேலை பெர்மிட் கேன்சல் ஆகி, ஏஜெண்ட் கடன் தீராமல் ஊருக்கு வர வேண்டியதுதானா?

எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் உங்கள் கட்டைப் பற்றி.

நனைந்த கட்டோடு இன்னொரு நாள் இருக்க வேண்டாம்

உங்கள் விரலில் இருக்கும் கம்பியின் முனை பெரும்பாலும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டை வழியாகக் கிருமி நேராக எலும்புவரை போகலாம். சிமென்ட் தூசி, வேர்வை, அழுக்குத் தண்ணீர் மூன்றும் கட்டுக்குள் ஊறினால் அதற்கு அதிக நாள் ஆகாது. கம்பி நுழையும் இடத்தில் சிவப்பு பரவுகிறதா, சீழோ நாற்றமோ இருக்கிறதா, இரவில் விண்விண்ணென்று தெறிக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, கம்பி ஆடுகிறதா, விரல் நுனி நீலம் பாரித்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். கம்பெனி அனுமதியும் தேவையில்லை. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு இன்றே போங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நனைந்த கட்டை நாளைக்குள் மாற்றியாக வேண்டும்.

இந்த வகை முறிவுக்குக் கம்பியைப் பொதுவாக 3 முதல் 6 வாரத்தில் எடுப்பார்கள். முதல் சில நாள் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருந்தால்தான் வீக்கம் வடியும். மற்ற மூட்டுகளை எப்போது அசைக்கத் தொடங்கலாம் என்று கைப் பயிற்சி நிபுணர் சொல்வார். அந்தப் பயிற்சியைத் தவறவிட்டால் எலும்பு கூடினாலும் விரல் விறைத்துப் போகும், முஷ்டி மடங்காது. கம்பி வளைக்கும் வேலைக்குத் திரும்ப 8 முதல் 12 வாரம் ஆவது சாதாரணம். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர்தான் சரியான கணக்கைச் சொல்ல முடியும். ஆனால் மூன்றாம் நாளே வலது கையால் சைட்டில் எதையாவது செய்யலாம் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

எம்.சி. யார் எழுதலாம்?

ஆபரேஷன் செய்தவர் எழுதியதை வேறு டாக்டர் மாற்ற முடியாது என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியல்ல. உங்களை இன்று பரிசோதிக்கும், சிங்கப்பூரில் பதிவு பெற்ற எந்த டாக்டரும், இன்று உங்கள் கை இருக்கும் நிலையை வைத்து எம்.சி. எழுதலாம். அது கம்பெனி கிளினிக் டாக்டராக இருக்கலாம், அரசு பாலிகிளினிக்காக இருக்கலாம், 2022 ஏப்ரலில் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் மருத்துவத் திட்டத்தில் உங்கள் டார்முக்கு ஒதுக்கப்பட்ட நிலையமாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனைச் சீட்டுக்குத்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம்.

ஆனாலும் குடும்ப மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் குறிப்பு அவர்கள் கையில் இருக்காது. இன்னொரு டாக்டர் எழுதியது தப்பு என்று சொல்வது போலாகிவிடுமே என்ற சங்கடம் உண்டு. கிளினிக்குக்கு ஆள் அனுப்புவது கம்பெனி என்பதும் நினைவில் இருக்கும், அதை ஒளிப்பானேன். அதனால் “பழைய சீட்டு தப்பு, மாத்திக் கொடுங்க” என்று கேட்காதீர்கள். “லைட் டூட்டிக்குப் போனேன், இந்த வேலை கொடுத்தார்கள், கட்டு நனைந்தது, இப்போது கை இப்படி இருக்கிறது, இன்றைக்கு நான் வேலைக்குத் தகுதியா?” என்று கேளுங்கள். இது புதுக் கேள்வி. இதற்கு அவர் புதிதாகப் பரிசோதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டரைச் சீக்கிரமே மறுபடி பார்க்க ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றில் உங்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். போன வாரத்து நாட்களுக்கு முன் தேதியிட்டு எம்.சி. எழுதச் சொன்னால் நேர்மையான டாக்டர் எழுத மாட்டார். அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதை மருத்துவக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள், அது போதும்.

‘லைட் டூட்டி’ என்று மட்டும் எழுதினால் போதாது

சிங்கப்பூரில் இதைப் பற்றி நீதிமன்றமே பேசியிருக்கிறது. உங்களைப் போலவே கையில் ஆபரேஷன் ஆன ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு 2 நாள் எம்.சி.யும் அதன்பின் லைட் டூட்டியும் எழுதிய எலும்பு மருத்துவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. விசாரணைக் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் மேல்முறையீடு செய்தது. 2016-இல் மூன்று நீதிபதிகள் அந்த முடிவை மாற்றி, அவரை 6 மாதம் தொழில் செய்யத் தடைவிதித்தார்கள். லைட் டூட்டி எழுதுமுன், அந்த ஆளுக்கு உண்மையிலேயே இலகுவான வேலை இருக்கிறதா, ஓய்வெடுத்துக் குணமாக வசதி இருக்கிறதா என்று டாக்டர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

ஆகவே லைட் டூட்டி என்பதே ஏமாற்று வேலை என்று டார்மில் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். விரல் முறிந்தவர் மூன்று மாதமும் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. ஐந்தாறு வாரத்துக்குப் பின் உட்கார்ந்து செய்யும் வேலை இருந்தால் அது நல்லதுதான், கையும் மனசும் சீக்கிரம் தேறும். உங்கள் விஷயத்தில் கோளாறு இரண்டு: அது வந்த நேரம், அதில் எல்லை எழுதாதது. எல்லை எழுதாத சீட்டைச் சைட்டில் யார் படிக்கிறாரோ அவர் இஷ்டத்துக்குப் படிப்பார். தண்ணீர் தள்ளுவது கம்பி தூக்குவதைவிட லைட்தானே என்று ஒரு சூப்பர்வைசர் மனதாரவே நம்பக்கூடும்.

அடுத்த முறை லைட் டூட்டி எழுதினால் இவை சீட்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்: வலது கையால் தூக்க, இழுக்க, பிடிக்கக் கூடாது, கட்டு நனையும் வேலையும் தூசி வேலையும் கூடாது, ஏணி, சாரம் ஏறக் கூடாது, அதிரும் மெஷின் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும், ஓவர்டைம் கூடாது, எந்தத் தேதி வரை, மறுபரிசோதனை என்றைக்கு. ஒரு டாக்டருக்கு இதை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. அப்படி வேலை கம்பெனியில் இல்லையென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்போது அவர் எழுத வேண்டியது எம்.சி.தான்.

டாக்டர் அறைக்குள்

சூப்பர்வைசர் உள்ளே வருவது கட்டாயமில்லை. உங்கள் உடம்பு விவரம் உங்களுக்கும் டாக்டருக்கும் இடையே உள்ளது. “நான் தனியாப் பேசணும்” என்று சொல்லலாம். தமிழ் பேசும் நர்ஸோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று கேளுங்கள். நம்பிக்கையான நண்பரைக் கூட்டிப் போவதும் தவறில்லை, போனில் ஸ்பீக்கரில் ஒருவரைப் பேச வைப்பதும் தவறில்லை.

அங்கே “வலிக்குது” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். வலி டாக்டர் கண்ணுக்குத் தெரியாது. செய்ய முடியாததைச் சொல்லுங்கள்: முஷ்டி மடங்கவில்லை, டம்ளர் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, இரவில் இத்தனை தடவை விழிக்கிறேன், விரல் நுனி மரத்திருக்கிறது. உங்கள் வேலை என்ன என்பதையும் காட்டுங்கள். நிறைய டாக்டர்களுக்குக் கம்பி வளைக்கும் வேலை எப்படி இருக்கும் என்றே தெரியாது. போனில் சைட் போட்டோ இருந்தால் காட்டுங்கள். நான்காம் நாள் தண்ணீர் தள்ளியதற்குப் போட்டோவோ, சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் மெசேஜோ இருந்தால் அதையும்.

இன்னொரு முக்கியமான விஷயம், விபத்து எப்படி நடந்தது என்று முதல் நாள் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது. அது வேலையில் நடந்த விபத்தா, யார் பணம் கட்ட வேண்டும் என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை. நீங்கள் அப்படி நினைப்பது போலத் தெரிகிறது. அவர் காயத்தைப் பார்க்கிறார், நீங்கள் சொன்ன சம்பவத்தைப் பதிகிறார், அவ்வளவே. மற்றதை இன்சூரன்ஸ் கம்பெனியும் அமைச்சும் பார்க்கும். ஆனால் அவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பதிவைத்தான். அதில் “டார்மில் விழுந்தார்” என்று இருந்து, மூன்று மாதம் கழித்து நீங்கள் “சைட்டில் நடந்தது” என்றால், அதை நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில். ஆகவே அடுத்த தடவை போகும்போதே கேளுங்கள்: “எனக்கு எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்?” தவறாக இருந்தால் தேதி, நேரம், இடம், கூட இருந்தவர் பெயர் சொல்லி, இன்றைய பதிவில் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

சம்பளக் கணக்கு

லைட் டூட்டிக்குப் போனதால் உங்கள் கேஸ் எங்கும் போகாது. 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு ஒரே ஒரு நாள் எம்.சி.யோ லைட் டூட்டியோ கொடுத்திருந்தாலும் கம்பெனி அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். விபத்து தெரிய வந்ததிலிருந்து 10 நாள் கெடு. அதற்கு முன் 3 நாளுக்கு மேல் எம்.சி. போனால்தான் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. 2 நாள் எம்.சி. என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே புரியும். விதி மாறிவிட்டது, பழக்கம் இன்னும் சில இடங்களில் மாறவில்லை.

பேசிக் மட்டும் தருவதும் சரியல்ல. எம்.சி. நாளுக்கும் லைட் டூட்டி நாளுக்கும் அடிப்படை, விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி வருமானம். அதில் ஓவர்டைமும் சேரும். வெளிநோயாளி எம்.சி., லைட் டூட்டிக்கு முதல் 14 நாள் வரை முழுச் சராசரி; மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சராசரி; அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டு வரை. ஒரு வருடத்தில் ஓவர்டைம் சேர்த்து 13,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கியவருக்கு மாதச் சராசரி 1,100. முழுப் பங்கு முடிந்த பிறகு மாதம் சுமார் 733 வெள்ளி. பேசிக் ஒரு நாளுக்கு 22 வெள்ளி என்றால் 26 நாளுக்கு 572தான் வருகிறது. வித்தியாசம் இவ்வளவு.

உங்கள் எம்.சி.யில் ஒன்றைப் பாருங்கள்: சாதாரண வெளிநோயாளி விடுப்பு என்று போட்டிருக்கிறதா, மருத்துவமனை விடுப்பு என்று போட்டிருக்கிறதா? ஆபரேஷனுக்குப் பின் டார்மில் ஓய்வெடுக்கும் நாட்களையும் மருத்துவமனை விடுப்பாக எழுத இடமுண்டு. 14 நாளா 60 நாளா என்பது அதைப் பொறுத்தது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

எம்.சி.யில் இருக்கும்போது “சும்மா வந்து உட்காரு” என்று சைட்டுக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். நீங்களும் அந்த நாளில் வேறு எங்கும் கைக்காசுக்கு வேலை செய்யாதீர்கள். பெர்மிட்டுக்கும் ஆபத்து, கேஸுக்கும் ஆபத்து.

அமைச்சுக்குப் போகலாமா, ஊருக்குப் போகலாமா?

இழப்பீடு கேட்க விபத்திலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பெர்மிட் முடிந்தாலும், வேலையை விட்டாலும் உரிமை போகாது. கம்பெனி தெரிவிக்காவிட்டால் நீங்களே அமைச்சின் இணையதளம் வழியாகத் தெரிவிக்கலாம். எல்லா எம்.சி., சீட்டு, ரசீது, சம்பளச் சீட்டு, ஐபிஏ கடிதம் (பெர்மிட்டுக்கு அமைச்சு தந்த முன் அனுமதிக் கடிதம்), பெர்மிட் அட்டை இரண்டு பக்கம் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து ஊரில் உள்ள வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் ஆதாரமும் தொலைந்துவிடக் கூடாது.

பெர்மிட் பற்றிய உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனி பெர்மிட்டை ரத்து செய்யலாம், அது நடக்கிறது. ஆனால் கேஸ் நிலுவையில் இருக்கும்வரை ஸ்பெஷல் பாஸில், அதாவது தற்காலிகத் தங்கும் அனுமதியில், நீங்கள் அங்கே தங்கலாம். அதுவரை தங்குமிடமும் சாப்பாடும் அந்த முதலாளி பொறுப்பு. விருப்பமில்லாமல் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால், குடிநுழைவு அதிகாரியிடம் “எனக்குக் காயக் கேஸ் இருக்கிறது” என்று சொல்லுங்கள். இதில் கசப்பான பகுதி, ஸ்பெஷல் பாஸில் பொதுவாக வேலை செய்ய முடியாது. சில மாதம் அந்த மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்பி இருக்க வேண்டி வரலாம். கடன் கொடுத்தவரிடம் வீட்டார் இப்போதே பேசி வைப்பது நல்லது.

ஆகவே படிப்படியாகப் போவதே என் யோசனை. முதலில் கட்டும் புதிய பரிசோதனையும். அடுத்து, எல்லை எழுதிய சீட்டைக் கம்பெனி ஆபீஸில் கொடுத்து, விபத்தை அமைச்சுக்குத் தெரிவித்தாயிற்றா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பல கம்பெனிகள் இந்த இடத்திலேயே சரிசெய்துகொள்ளும். சைட்டில் நடப்பது ஆபீஸுக்குத் தெரியாமல் இருப்பதும் உண்டு. பதில் வராவிட்டால், அல்லது எம்.சி.யை மீறி வேலைக்குக் கூப்பிட்டால், தாமதிக்காமல் அமைச்சுக்குப் போங்கள். துணைக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, எண் 6536 2692. ஹோம், டி.டபிள்யூ.சி.2 ஆகிய தொண்டு அமைப்புகளும் இப்படிப்பட்ட கேஸ்களைப் பார்க்கின்றன. வக்கீல் வைத்துச் சிவில் வழக்குப் போடுவது வேறு பாதை. அதில் கம்பெனியின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும், இரண்டு பாதையிலும் சேர்த்துப் பணம் வாங்க முடியாது. இப்போதைக்கு அது தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

ஊருக்கு வருவதைப் பொறுத்தவரை, நிரந்தர ஊனம் இருக்கிறதா என்ற மதிப்பீடு முடியும்வரை பொறுப்பதுதான் உத்தமம். கை இதற்குமேல் தேறாது என்ற நிலைக்கு வந்ததும் டாக்டர் அதைச் செய்வார். 6 மாதம் ஆகியும் தேறிக்கொண்டே இருந்தால் அன்றைய நிலையை வைத்தும் மதிப்பிடலாம். 40 வயதுக்குள் இருப்பவருக்குக் கணக்கு இது: மாதச் சராசரியை 181-ஆல் பெருக்கி, ஊன விழுக்காட்டால் பெருக்க வேண்டும். 1,100 வெள்ளிக்கு 1,99,100. விரல் விறைப்புக்கு 5 விழுக்காடு என்று டாக்டர் எழுதினால் 9,955 வெள்ளி. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு முழு ஊனத்தின் கீழ்வரம்பு 1,16,000, மேல்வரம்பு 3,46,000. மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை அல்லது ஓராண்டு வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. இதெல்லாம் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்க வேண்டிய செலவல்ல.

அவசரமாக ஊருக்கு வந்தே ஆக வேண்டுமானால், கிளம்புமுன் அமைச்சிடம் கேஸைப் பதிவு செய்து, ஊர் முகவரியும் போன் எண்ணும் கொடுத்து, சிகிச்சை செய்த மருத்துவமனையிலிருந்து ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே நகல், மருத்துவ அறிக்கை மூன்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். “எல்லாம் செட்டில் ஆயிற்று” என்று ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் போட்டோவை வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடம் காட்டுங்கள். விரல் பயிற்சியை ஊரிலும் விடாமல் செய்யுங்கள். கம்பி எடுத்த பிறகு வரும் முதல் இரண்டு மாதம்தான் விரல் மடங்குமா மடங்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்யும்.